சுற்றிப் பார்க்க வந்தவள்

கடலூர் முதுநகர்
18.1.2006

மச்சான் நூருல் அமீனுக்கு, பக்கீர் மைதீன் சொல்லச் சொல்ல எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு மறு வருஷம், கெடிலம் கரை தெரியாமல் ஓடி நாங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கிப் போன அந்த மழை ஓய்ந்து, பக்ரீதும் முடிந்த வாரத்தில்தான் புவனகிரிக் கல்யாணம் நடந்தது. இதை முதலில் எழுதச் சொல்கிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நீங்கள், "அது எந்த வருஷமோ, எந்தக் கல்யாணமோ, நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்பீர்கள். எனக்கு எழுத்துதான் தெரியாது. ஞாபகம் இருக்கிறது.

அந்தக் கல்யாணத்தில் நீங்களும் நானும் இன்னும் இரண்டு பேரும் ஒரே சஹனில் உட்கார்ந்தோம். ஒரு தாம்பாளச் சோற்றில் நாலு பேர் கைபோட்டுச் சாப்பிடும்போது ஒருவர் பாதியில் எழுந்தால் மற்றவர்களுக்கு அது சோறு இல்லை, அவமானம். நீங்கள் எழுந்தீர்கள். எழுவதற்கு முன் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னீர்கள்:

"ஒங்க மவன் இம்தியாஸு பினாங்குல பிலிப்பைன்காரி ஒருத்திய வச்சிக்கினு இருக்கான் மச்சான். எம்பொண்ணு நஜியா இங்க அவனுக்காகக் குந்திக்கினு இருக்கா. ஒங்ககூட ஒரு தட்டுல நான் எப்படிக் கை வெக்கிறது?"

என் கையில் இருந்த சோறு கையிலேயே இருந்தது.

நான் பதில் சொல்லாததற்குக் காரணம் பயம் இல்லை. யோசித்தேன். இப்போது யோசித்து முடித்துவிட்டேன். நீங்கள் சொன்னது பொய். எப்படி என்றால், பினாங்கில் இருந்து லீவில் வந்து உங்களுக்குச் சேதி சொன்ன கொளஞ்சி, அவள் ஒரே வருஷத்தில் நாலைந்து தடவை பினாங்குக்கு வந்து போனதாகச் சொல்கிறான். ஒரு நாட்டுக்காரி இன்னொரு நாட்டுக்குள் அப்படி வந்து போக முடியுமா? நான் கப்பலில் பண்டாரியாக இருந்தவன். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் நடுவில் எத்தனை ஆயிரம் பேருக்குச் சோறு பொங்கியிருப்பேன். இறங்குகிற இடத்தில் ஆபீசர் என்ன கேட்பான், யாரை விடுவான், யாரைத் திருப்புவான் என்று பார்த்துப் பார்த்துக் கண் பழகினவன். விசா இல்லாமல் ஒரு ஈயைக்கூட விடமாட்டான். நம் இம்தியாஸ் பத்தாவது தேறவில்லை என்று அவன் பாஸ்போர்ட்டில் தனி முத்திரை குத்தி, நம் நாட்டு ஆபீசரே அவனை வெளியே விடாமல், நீங்களும் நானும் சென்னையில் எத்தனை நாள் அலைந்தோம்? மறந்துவிட்டீர்களா? அந்தப் பெண்ணுக்கு மட்டும் யார் கதவைத் திறந்து வைத்திருக்கிறான்?

அதனால் எனக்கு வேறு ஒரு சந்தேகம் வருகிறது. நஜியாவை வேறு இடத்தில் கொடுக்க நீங்கள் ஆசைப்பட்டு, அதற்குக் காரணம் தேடியிருக்கிறீர்கள். கொளஞ்சி நீங்கள் தேடின காரணம்.

போனில் பேசலாம் என்று சொல்லி அனுப்பினீர்களாம். மாட்டேன். போனில் சொன்னது காற்றோடு போய்விடும். கடுதாசி என்றால் எஸ்.டி.டி. பூத் லோகநாயகி எழுதுவாள். எழுதியதைப் பள்ளிவாசல் மோதினாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, நான் சொன்னதைத்தான் எழுதினாளா என்று பார்த்துக்கொள்வேன். இது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறாள்.

என் தங்கை மெகருன்னிசாவுக்கு சலாம் சொல்லவும்.

பக்கீர் மைதீன்


சிதம்பரம், மேல வீதி
30.1.2006

மதிப்புக்குரிய மச்சான் பக்கீர் மைதீன் அவர்களுக்கு, நூருல் அமீன் எழுதுவது. வ அலைக்கும் ஸலாம்.

கடுதாசி கிடைத்தது. கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் படித்தேன். சஹனில் இருந்து எழுந்தது தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன். சொன்னது தப்பில்லை.

விசா விஷயத்தில் நீங்கள் எழுதியதைப் படித்து எனக்கே கொஞ்சம் தடுமாற்றம் வந்தது. ஒருவேளை கொளஞ்சி அளந்து விட்டானோ என்று. அதனால் மறுநாளே கீழ வீதியில் டிக்கெட் போடுகிற ஆபீசுக்குப் போனேன். சுவாதி என்று ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏம்மா, பிலிப்பைன்ஸ்காரவுங்க மலேசியா போவணும்னா விசா எத்தினி நாள்ல கிடைக்கும்?" என்றேன்.

"விசாவே வாணாம் சார் அவுங்களுக்கு. பக்கத்துப் பக்கத்து நாடு, ஒண்ணா ஒரு கூட்டு வச்சிருக்காங்க. டூரிஸ்டா போனா ஒரு மாசம் இருந்துக்கலாம்."

"சும்மா போயி எறங்கிட்டா விட்டுடுவானா?"

"பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசத்துக்கு மேல செல்லுபடியாவணும். திரும்பிப் போற டிக்கெட் கையில இருக்கணும். எங்க தங்கப் போறாங்க, செலவுக்கு வச்சிருக்காங்களான்னு கேட்டாலும் கேப்பான். அவ்ளோதான் சார். நீங்க பிலிப்பைன்ஸா?" என்று சிரித்தாள்.

ஆக, கதவு திறந்துதான் இருக்கிறது மச்சான். கப்பலில் சோறு பொங்கின காலத்துச் சட்டத்தை வைத்துக்கொண்டு நீங்கள் உங்கள் மகனுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். கப்பல் நின்று இருபது வருஷம் ஆகிறது.

நஜியாவுக்கு வேறு இடம் நான் தேடவில்லை. தேடாமலே வந்திருக்கிறது. பரங்கிப்பேட்டையில் இருந்து ஒரு குடும்பம் கேட்கிறது. பையன் துபாயில் இருக்கிறான். ஆனால் பேசி வைத்த பெண் என்பது ஊருக்குத் தெரியும். பேசினவர்கள் விட்டாலொழிய யாரும் வந்து உட்காரமாட்டார்கள். பையன் பக்கத்துப் பெரியவர் தன் வாயால் "விட்டேன்" என்று சொல்ல வேண்டும். நம் குடும்பங்களில் அதுதான் வழக்கம். நீங்கள் சொல்லாதவரைக்கும் என் மகள் உங்கள் வீட்டுப் பெண். வேறு வீட்டுக்குப் போகவும் முடியாது, உங்கள் வீட்டுக்கு வரவும் முடியாது. அவளுக்கு இருபத்து மூன்று நடக்கிறது.

ஒன்று, இம்தியாஸை வரச் சொல்லி நிக்காஹை முடியுங்கள். இல்லையென்றால் விடுங்கள்.

நூருல் அமீன்

மெகருன்னிசா ஒரு வரி எழுதச் சொன்னாள்: "அண்ணன் ராத்திரியில வெறுந்தரையில படுக்க வேணாம்னு எழுதுங்க, இருமல் ஜாஸ்தியாவும்." எழுதிவிட்டேன்.


கடலூர் முதுநகர்
22.2.2006

மச்சான் நூருல் அமீனுக்கு சலாம்.

அந்த சுவாதி யார், உங்களுக்கு என்ன உறவு, உங்கள் கடையில் துணி எடுக்கிறவளா என்று எனக்குத் தெரியாது. அதனால் அவள் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஏஜெண்டிடம் கேட்டேன். பாண்டிச்சேரி போய் இன்னொருவனிடம் கேட்டேன். இரண்டு பேரும் அவள் சொன்னதையே சொன்னார்கள். மூன்று ஊரில் மூன்று பேர், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள், ஒரே பொய்யைச் சொல்ல முடியாது. ஒத்துக்கொள்கிறேன். அவர்களுக்கு விசா வேண்டியதில்லை.

பாண்டிச்சேரிக்காரனிடம், "அப்ப நமக்கு?" என்றேன். "நாம வேற பெரியவரே" என்றான். எதில் வேறு என்று கேட்டதற்கு டீ வாங்கிக் கொடுத்தான். நல்ல மனுஷன்.

ஆனால் உங்கள் கடுதாசியில் இருந்தே உங்களுக்குப் பதில் இருக்கிறது. மோதினாரை அந்த இடத்தை மறுபடி மறுபடி படிக்கச் சொன்னேன். திரும்பிப் போகிற டிக்கெட் கையில் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். மச்சான், புருஷனிடம் வருகிறவள் திரும்பிப் போகிற டிக்கெட்டோடு வருவாளா? மெகருன்னிசாவை நாங்கள் உங்கள் வீட்டுக்கு அனுப்பினபோது கடலூருக்குத் திரும்பிவர பஸ் காசு கொடுத்தா அனுப்பினோம்? திரும்பும் டிக்கெட் வைத்திருக்கிறவள் சுற்றிப் பார்க்க வந்தவள். சர்க்காரே அவளை டூரிஸ்ட் என்று முத்திரை குத்தி உள்ளே விடுகிறது. சர்க்காருக்குத் தெரியாதது கொளஞ்சிக்குத் தெரிந்துவிட்டதா?

இம்தியாஸையும் விடவில்லை. பூத்தில் இருந்து போன் போடச் சொல்லிக் கேட்டேன்.

"யார்ரா அது, கடைக்கு வர்ற பிலிப்பைன்காரி?"

"டூரிஸ்ட் வாப்பா. ரொவேனான்னு பேரு. ஃப்ரெண்ட்ஸ்ங்களோட சுத்திப் பாக்க வந்தாங்க. நம்ம கடையில சாப்புட்டாங்க. மீன் கொழம்பு புடிச்சிப் போச்சு."

"மீன் கொழம்புக்கா ஏரோப்ளேன் ஏறி வர்றா?"

அதற்கு அவன் சிரித்தான். சத்தமாகச் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சம் நீளமாகப் பட்டது. அது போன் கோளாறாகவும் இருக்கலாம். லோகநாயகியிடம் கேட்டேன், லைன் நன்றாகத்தான் இருந்தது என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.

நான் விடவில்லை. நஜியா என் வீட்டுப் பெண்தான். என் பெண்ஜாதி போன பிறகு இந்த வீட்டில் அடுப்பு எரிவதற்கும் எரியாமல் இருப்பதற்கும் வித்தியாசம் இல்லை. மெகருன்னிசாவின் பெண் வந்தால்தான் இது வீடு. அவள் வரவில்லை என்றால் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் நமக்கு என்ன வழி மிச்சம் இருக்கிறது?

பக்கீர் மைதீன்


சிதம்பரம்
6.4.2006

மச்சான் அவர்களுக்கு சலாம்.

உங்கள் திரும்பும் டிக்கெட் நியாயத்தைக் கடையில் உட்கார்ந்து படித்தேன். பிறகு கொளஞ்சியைத் தேடிப் புவனகிரிக்குப் போனேன். நீங்கள் இரண்டு பேரிடம் விசாரித்தீர்கள். நான் அவனிடம் மூன்று விதமாகக் கேட்டேன். கடைசியில் கோபித்துக்கொண்டான்.

"இன்னா பாய், போலீசாட்டம் கேக்கறீங்க? நான் ஒங்க மாப்ள கூடத்தான் ஒரே ரூம்புல இருந்தேன். அந்தப் பொண்ணு கீழ்வீட்ல ஒரு சீனக் கெழவிகிட்ட தனியா ரூம்பு எடுத்திருக்கு."

"ஒரு மாசம்தானேப்பா உள்ள இருக்கலாம்?"

"மாசம் முடியப்போவுதுன்னா வேன் ஏறி வடக்கால தாய்லாந்து எல்லைக்குப் போவும். அங்க ஹாட்யாய்னு ஒரு ஊரு. போயி ஒரு டீயக் குடிச்சிட்டு, துணிமணி எதனா வாங்கிக்கினு, அப்படியே திரும்பி உள்ள வரும். திரும்ப ஒரு மாசம் குத்திக் குடுப்பான். பாதி பேரு அப்படித்தான் ஓட்டறாங்க. திரும்பும் டிக்கெட்டு பையிலயே கெடக்கும். தேதிய மாத்திக்கினே இருக்கும்."

மச்சான், நீங்களே சொல்லுங்கள். சுற்றிப் பார்க்க வந்தவள் ஒரே தெருவை எத்தனை மாசம் சுற்றிப் பார்ப்பாள்?

இன்னும் ஒன்று. கொளஞ்சி லீவில் கிளம்புவதற்கு முந்தின தடவை எல்லைக்கு அவள் தனியாகப் போகவில்லை. இம்தியாஸும் கூடப் போயிருக்கிறான். அவன் பாஸ்போர்ட்டில் வேலை பெர்மிட் இருக்கிறது. அவனுக்கு எல்லையில் முத்திரை குத்த வேண்டிய அவசியமே இல்லை. பிறகு ஏன் போனான்? கொளஞ்சி தெரியாது என்கிறான். தெரியும் என்று அவன் முகம் சொன்னது.

பரங்கிப்பேட்டைக்காரர்கள் மறுபடி ஆள் அனுப்பினார்கள். நோன்பு வரைக்கும் பொறுப்பார்களாம். நஜியாவிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "மாமா என்ன சொல்றாங்க?" என்று மட்டும் கேட்டாள். பிறகு போய்த் தண்ணீர் பிடித்தாள். பிடித்த குடத்தையே கொட்டிவிட்டு மறுபடி பிடித்தாள்.

விட்டேன் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல உங்களுக்குக் கப்பல் வேண்டாம், விசா வேண்டாம்.

நூருல் அமீன்


கடலூர் முதுநகர்
25.4.2006

நூருல் அமீனுக்கு.

மச்சான் என்று எழுதச் சொல்லவில்லை. கவனித்துக்கொள்ளவும்.

ஊர் முழுக்க ஓட்டுக் கேட்டு மைக் அலறுகிறது. லோகநாயகியின் வீட்டுக்காரர் செம்மங்குப்பத்தில் ஷிப்டு முடிந்து வந்து தூங்க முடியாமல் கத்துகிறார். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கொளஞ்சி இத்தனை நாள் புவனகிரியில் என்ன செய்கிறான்? லீவு முடியவில்லையா? நீங்கள் போகும்போதெல்லாம் அவனிடம் புதிதாக ஒன்று இருக்கிறது. முதலில் வந்தாள் என்றான். பிறகு தங்கினாள் என்றான். இப்போது எல்லைக்குப் போனார்கள் என்கிறான். நீங்கள் இன்னொரு தடவை போனால் பிள்ளை பிறந்தது என்பான்.

எல்லைக்குப் போனால் என்ன? அவன் சின்னப் பையனில் இருந்தே எங்கே வண்டி கிளம்பினாலும் ஏறிக்கொள்கிறவன். நெய்வேலி பஸ்ஸில் ஏறிப்போய்த் தொலைந்தவன்தானே.

பரங்கிப்பேட்டைக்காரர்களுக்கு அவ்வளவு அவசரம் என்றால் அவர்கள் பையனைப் பற்றி யாராவது விசாரித்தார்களா? துபாயில் மட்டும் பிலிப்பைன்காரி இல்லையா?

நான் சொல்லமாட்டேன். நோன்புக்கு முன்னால் இம்தியாஸ் வருவான். நான் வரச் சொல்லியிருக்கிறேன். வந்து நிற்கும்போது நீங்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வீர்கள் என்று பார்க்கிறேன்.

பக்கீர் மைதீன்


சிதம்பரம்
14.7.2006

அன்புள்ள மச்சான் பக்கீர் மைதீன் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் என்னை மச்சான் என்று எழுதாவிட்டாலும் நான் எழுதுகிறேன். கோபத்தை விட்டுவிட்டேன். காரணம் இருக்கிறது. நல்ல காரணம்.

கொளஞ்சி லீவு முடிந்து பினாங்கு போய்விட்டான். நேற்று கடைக்குப் போன் போட்டான். அந்தப் பெண்ணை எல்லையில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எப்போதும்போல ஹாட்யாய் போய்விட்டு உள்ளே வர நின்றிருக்கிறாள். ஆபீசர் பாஸ்போர்ட்டைப் புரட்டியிருக்கிறான். பக்கத்துக்குப் பக்கம் முத்திரை. எதற்கு இத்தனை தடவை, யாரைப் பார்க்க என்று கேட்டிருக்கிறான். விடவில்லை. பாங்காக் போய் அங்கிருந்து அவள் நாட்டுக்கே போய்விட்டாள். இனி அவள் பாஸ்போர்ட்டைப் பார்த்தால் எந்த ஆபீசரும் யோசிப்பான் என்கிறான்.

மச்சான், ஆண்டவனே ஒரு வழியை அடைத்து இன்னொரு வழியைத் திறந்திருக்கிறான். நடந்தது நடந்ததாக இருக்கட்டும். ஆம்பளைப் பிள்ளை, தூர தேசம், தனியாக இருந்தான். நான் பெரிதுபடுத்தப் போவதில்லை. மெகருன்னிசா அழுது அழுது என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "எங்க அண்ணன் வூட்டுக்கே எம்பொண்ணு போவட்டுங்க. பரங்கிப்பேட்டை வாணாம்." உறவு விட்டுப்போகக் கூடாது என்று நீங்கள் எழுதியதை அவள் எடுத்து வைத்திருக்கிறாள்.

நோன்புப் பெருநாள் கழித்து வருகிற முதல் வெள்ளிக்கிழமை நிக்காஹ் வைத்துக்கொள்ளலாம். பரங்கிப்பேட்டைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் கடுதாசி வந்ததும் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். இம்தியாஸுக்கு டிக்கெட் போடச் சொல்லுங்கள். அவனிடம் நாங்கள் எதையும் கேட்கமாட்டோம். நஜியாவுக்கும் எதுவும் தெரிய வேண்டாம். டூரிஸ்ட் யாரோ வந்தாள், போனாள். அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டது இதைத்தானே மச்சான்?

நூருல் அமீன்


கடலூர் முதுநகர்
3.8.2006

மச்சான் நூருல் அமீனுக்கு பக்கீர் மைதீன் சொல்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் கேட்டது அதைத்தான். நீங்கள் கொடுக்கிறீர்கள். கொடுக்கிறபோது எனக்குச் சந்தேகம் வரவில்லை, வெட்கம் வருகிறது. உங்கள் கடுதாசி வந்த அன்றே பதில் சொல்லியிருக்கலாம். முடியவில்லை.

கொளஞ்சி உங்களுக்குப் போன் போடுவதற்கு முதல் நாளே இம்தியாஸ் எனக்குப் போட்டுவிட்டான். உங்களிடம் நான் மறைத்தேன். லோகநாயகி என்னைக் கூப்பிட்டு, "பாய், ஒங்க புள்ள லைன்ல இருக்காரு, பேசவே மாட்டேங்கறாரு" என்றாள். வாங்கிக் காதில் வைத்தேன்.

"இம்தியாஸு?"

அழுகிறான். அவன் உம்மா மவுத்தான அன்றுகூட அவன் அப்படி அழுததில்லை.

"இன்னாடா? ஒடம்புக்கு எதனாவா? சொல்லுடா."

"திருப்பி அனுப்பிட்டாங்க வாப்பா."

மச்சான், எனக்கு அந்த ஒரு நொடியே போதுமாக இருந்தது. சுற்றிப் பார்க்க வந்தவளைத் திருப்பி அனுப்பினால் எவனும் அப்படி அழமாட்டான். உங்கள் சுவாதி சொன்னதும், நான் இரண்டு ஊரில் விசாரித்ததும், திரும்பும் டிக்கெட்டும், எல்லாம் அந்த அழுகையில் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

பிறகு கேட்டேன். மெதுவாகச் சொன்னான். அன்றைக்கு அவன் ஏன் எல்லைக்குக் கூடப் போனான் என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, அதற்கும் பதில் கிடைத்தது. ஹாட்யாயில் ஒரு பள்ளிவாசலில் வைத்து நிக்காஹ் செய்திருக்கிறான். அவள் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்திருக்கிறாள். பினாங்கில் செய்ய அவர்களுக்கு ஆயிரம் காகிதம் கேட்பார்களாம், அங்கே கேட்கவில்லையாம். என்னிடம் சொல்லப் பயம். உங்களுக்கு நான் கொடுத்த வார்த்தைக்குப் பயம்.

"அவளுக்குச் சொல்லிக் குடுக்கலியாடா? எப்பவும்போல டூரிஸ்ட்டுன்னு சொன்னா விட்டிருப்பானே?" என்றேன். இதை நான் கேட்டேன், உங்களிடம் அவளை டூரிஸ்ட் என்று வாதாடின நான்.

"சொல்லித்தான் வாப்பா அனுப்பினேன். யாரப் பாக்கப் போறன்னு கேட்டான் அந்த ஆபீசரு. அவ புருஷனப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டா."

"ஏன்டா சொன்னா?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'கேட்டாங்க, சொன்னேன். இன்னும் எத்தினி தடவ பொய் சொல்றது'ங்கறா."

டூரிஸ்ட் முத்திரை டூரிஸ்டுக்குத்தான். புருஷன் வீட்டுக்குப் போகிறவளுக்கு அது இல்லை. சட்டப்படி அந்த ஆபீசர் செய்தது சரி. கப்பலில் நான் பார்த்திருக்கிறேன். பினாங்குத் துறையில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அதே கப்பலில் ஊர் திரும்புவார்கள். ஒருத்தன், வேதாரண்யம் பக்கத்துக்காரன், நாகப்பட்டினம் வரும்வரைக்கும் நான் வைத்த சோற்றைத் தொடவில்லை. கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான், கரை தெரியாமல் போன பிறகும் அந்தப் பக்கமே பார்த்திருந்தான். அவன் செய்த தப்பும் இதுதான். ஆபீசர் கேட்டதற்கு உள்ளதைச் சொன்னான்.

இந்த வருஷம் முழுக்க எத்தனை பேர் பேசினோம் மச்சான். கொளஞ்சி பாதியை மறைத்தான். என் மகன் டூரிஸ்ட் என்றான். நீங்கள் இப்போது எதுவும் நடக்காத மாதிரி இருக்கலாம் என்கிறீர்கள். நான் போன் வந்ததை மறைத்தேன். வாசலில் நின்று கேட்டவனுக்கு உள்ளதைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். சொன்னால் கதவு சாத்தும் என்று தெரிந்தே சொன்னாள். அவளை இல்லை என்று வைத்துவிட்டு என் மகனுக்கு இன்னொரு நிக்காஹ் செய்தால், நஜியா வந்து என் வீட்டில் அடுப்பு மூட்டுகிற ஒவ்வொரு நாளும் நான் எதைத் தின்பேன்?

இப்போது இம்தியாஸ் அவள் ஊருக்குப் போக வேண்டும். நம் ஆளுக்கு அங்கே போக விசா வேண்டுமாம். கிடைக்குமோ, எத்தனை மாசம் இழுப்பார்களோ. "போவட்டுமா வாப்பா?" என்றான். "நீ போறது ஒம் பொண்டாட்டி வூட்டுக்கு. என்ன எதுக்குக் கேக்கற?" என்றேன். அங்கே ஆபீசர் எதற்கு வருகிறாய் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அதனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

மெகருன்னிசாவிடம் சொல்லுங்கள், அவள் அண்ணனுக்கு அவளிடம் வர பஸ் இருக்கிறது. நஜியாவிடம் எதையும் மறைக்காதீர்கள். அவள் முகத்தைப் பார்த்து நான் சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லிவிடுங்கள், எனக்கு அந்தத் தைரியம் இல்லை. மாமாவை ஏசட்டும். ஏசிவிட்டுப் பரங்கிப்பேட்டைக்குச் சம்மதம் சொல்லட்டும். ஆனால் அந்தத் துபாய்ப் பையனைப் பற்றி நன்றாக விசாரியுங்கள். இரண்டு பேரிடம் கேளுங்கள். எனக்கு இன்னும் அவர்கள் அவசரத்தில் சந்தேகம் தீரவில்லை.

சொல்லை விடுவதற்குப் பையன் பக்கத்துப் பெரியவர் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். யார் சொல்வது என்று நானும் யோசித்துப் பார்த்தேன், என் வாயால் சொல்லாமல் தப்பிக்க முடியுமா என்று. என் வாப்பா மவுத்தாகி எத்தனையோ வருஷம். மூத்த அண்ணன் முகம்மது காசிம் பினாங்கிலேயே அடக்கமாகிவிட்டார். சின்ன அண்ணன் ஜெயினுலாபுதீன் கடல் வந்த காலையில் மீன் வாங்கத் துறைமுகத்துக்குப் போனவர் திரும்பவில்லை. இம்தியாஸின் தாய்மாமன் போன ரமலானில் போனார். அவன் உம்மா இல்லை. இம்தியாஸ் பக்கத்தில் உயிரோடு மிச்சம் இருக்கிற பெரியவன் ஒருத்தன்தான். அவன் சொல்கிறான். நான் சொல்கிறபடியே எழுதிக்கொள் லோகநாயகி.

நஜியாவை விட்டேன்.

பக்கீர் மைதீன்